ஃபுல் ஃபிட்டிங் போட்ட காரும் என் சம்சாரத்தின் இடுப்பும்

நான் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் என் பட்டறைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். திருச்சி அரியமங்கலத்தில் லாரிக்குப் பட்டை கட்ட வேண்டும் என்றால் என்னிடம்தான் கைகாட்டுவார்கள். பட்டை என்றால், லாரியின் அடியில் வில் மாதிரி வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள். வண்டியின் மொத்த பாரமும் அதன் மேல்தான். மணல் லாரியோ நெல் லாரியோ, பாரம் தாங்காமல் பின்பக்கம் உட்கார்ந்துபோய் வந்தால், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே எத்தனை தகடு சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்துபோன வண்டிகளைத் தூக்கி நிறுத்தியவன் நான்.

அப்பேர்ப்பட்ட என்னிடம் காசை வாங்கிக்கொண்டு, நன்றாக நின்றுகொண்டிருந்த ஒரு காரை இரண்டு விரற்கடை கீழே இறக்கிக் கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

அது அமெரிக்காக்காரன் செய்த கார். எட்டு சிலிண்டர். நீளமான மூக்கு, குட்டையான பின்பக்கம், சண்டைக்கு வருகிற மாதிரி முகம். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், வெளிநாட்டுக் கார்களை இறக்கி விற்கிற ஷோரூம் ஒன்றின் வாசலில் அதை ஸ்டார்ட் செய்தார்கள். எதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். டீசல் இன்ஜின் சத்தத்திலேயே காது தேய்ந்தவன் நான். எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் வயதில் மற்றவர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பார்கள். நான் ரோட்டைக் கடந்து ஷோரூமுக்குள் போனேன்.

இந்த இடத்தில் லாரி உலகம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாரி வாங்குகிறவன் லாரியை வாங்குவதில்லை. சேஸைத்தான் வாங்குகிறான். இன்ஜின், சக்கரம், நீள இரும்புச் சட்டம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. கம்பெனியிலிருந்து ஓட்டி வருகிற டிரைவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதற்கென்று முடுக்கிவைத்த ஒரு தற்காலிக சீட்டில் உட்கார்ந்து வெயிலிலும் காற்றிலும் வருவார். அதற்குப் பிறகுதான் பாடி கட்டுகிற இடத்தில் விட்டு, கேபின், பலகை, ஏர் ஹாரன், லைட்டு, சாமி படம் வைக்கிற மாடம் வரைக்கும் ஒவ்வொன்றாக ஏற்றுவோம். அந்தத் தற்காலிக சீட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவோம். கம்பெனி கொடுப்பது பாதி வண்டி, மீதியை நாம் போட்டால்தான் முழு வண்டி. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். அதற்கு முன் வீட்டில் இருந்த கார்களையெல்லாம் என் மகன் வாங்கினான், நான் ஏறி உட்கார்ந்தேன். புதுக் கார் ஒன்றை நானே நின்று வாங்கியது அதுதான் முதல் தடவை.

அதனால் ஷோரூம்காரரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். நல்ல சட்டை போட்ட, நல்லபடியாகப் பேசுகிற மனிதர்.

"இது முழுசா வந்த வண்டியா, இல்ல இன்னும் ஃபிட்டிங் வேலை இருக்கா?"

"கம்பெனியிலேர்ந்து வந்தபடி இருக்கு சார். இதுக்கு மேல டிராக் பேக்கேஜ் இருக்கு. ரேஸ் டிராக்ல ஓட்டறவங்க கேப்பாங்க. எல்லாம் டீலர் ஃபிட்டிங், நாங்களே போட்டுத் தருவோம்."

"அப்ப இன்னும் போடலையா?"

"கஸ்டமர் கேட்டாத்தான் சார் போடுவோம்."

"கேக்கறேன். போடுங்க."

"எதெது சார் வேணும்?"

"என்னய்யா கேள்வி இது? எல்லாத்தையும் போடுங்க. ஃபுல் ஃபிட்டிங்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தீபாவளி போனஸ் வந்த மாதிரி. உடனே ஏசி அறைக்குள் கூட்டிப்போய் இளநீர் கொடுத்தார். அந்த நேரத்திலாவது, "சார், நீங்க இதை எந்த ஊர் ரோட்டில ஓட்டப்போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பட்டறைக்கு ஒருவன் வந்து எல்லாத் தகட்டையும் சேர்த்துக் கட்டு என்றால், "என்ன பாரம் ஏத்தப்போறே, எந்த ரூட்டு?" என்று கேட்காமல் நான் சுத்தியலைத் தொடமாட்டேன். அதுதான் தொழில்.

போட்டார்கள். உயரம் குறைக்கிற ஸ்பிரிங் போட்டார்கள். திருகினால் இறுகுகிற ஷாக் அப்சார்பர் போட்டார்கள். முன்னால் தரையை மழிக்கிற மாதிரி ஒரு கறுப்புத் தகடு, பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ரெக்கை. சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டார்கள். அதற்கு ஒரு பட்டன். அழுத்தினால் சத்தம் இன்னும் கூடும். சத்தத்தைக் குறைப்பதற்குத்தானே சைலன்சர் என்று கேட்டேன். "இது பர்ஃபார்மன்ஸ் சைலன்சர் சார்" என்றார்கள். காற்று இழுக்கிற ஃபில்டரை மாற்றினார்கள். கிளச்சை மாற்றினார்கள். ஒருவர் லேப்டாப்பைக் காருக்குள் செருகி என்னமோ தட்டிவிட்டு, இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் குதிரை சேர்ந்துவிட்டது என்றார். டயரை மாற்றினார்கள், அதில் கோடே குறைவு, மொழுமொழுவென்று இருந்தது. கடைசியாகச் சீட்டு. கம்பெனி கொடுத்த தோல் சீட்டு இரண்டையும் கழற்றிவிட்டு, பந்தயக்காரர்கள் உட்காருகிற மாதிரி, தொட்டி போலக் குழிந்த சீட்டுகளை முடுக்கினார்கள்.

"கழட்டின சீட்டை என்ன சார் பண்றது? உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார் ஷோரூம்காரர்.

"அதை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

சென்னைக்குப் பக்கத்து டிராக்கில் ஒரு நாள் ஓட்டவும் செய்தேன். பொய் சொல்ல மாட்டேன், அங்கே அந்தச் சாமான்களெல்லாம் வேலை செய்தன. வளைவில் கார் தரையைக் கவ்விக்கொண்டு போனது. ஓட்டி முடித்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். பட்டை கட்டிய ஒவ்வொரு லாரியையும் நானே ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். ஓட்டுவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் குடியிருப்பது டிராக்கில் இல்லையே. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்துத் தெருவில். அங்கே கோயிலுக்கு வருகிற பஸ், ஆட்டோ, பால்காரர், மாடு, வீட்டுக்கு வீடு அவரவர் போட்டுக்கொண்ட வேகத்தடை. ஒவ்வொரு வேகத்தடையிலும் முன் தகடு தேயும். 'கர்ர்ர்' என்று அது தேய்கிற சத்தம் எனக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும். நேராக ஏறினால் இடிக்கும் என்று சாய்வாக ஏற்றுவேன். சாய்வாக ஏற்றினால் எதிரே வருகிற ஆட்டோக்காரர், "பெருசு, பார்க்கிங் போடறீங்களா, போறீங்களா?" என்பார்.

என் கொழுந்தியாள், அதாவது என் சம்சாரத்தின் தங்கை, தில்லை நகரில் இருக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வாயில் இன்னும் விசில் இருக்கிற மாதிரியே பேசுவாள். காரை முதலில் பார்த்த அன்றைக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மாமா, பின்னாடி இருக்கிறது என்ன, துணி காயப்போடறதுக்கா?"

"அது ரெக்கை. வேகமா போறப்ப வண்டியைக் கீழே அமுக்கும்."

"ஏற்கெனவே தரையோட தரையாத்தானே இருக்கு. இன்னும் எங்க அமுக்கறது, பாதாளத்துக்கா?"

என் சம்சாரம் வாசல்படியில் நின்று சிரித்தாள். அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்து, நடக்கும்போதே சாய்ந்து சாய்ந்து நடப்பாள். "அந்தக் குழிக்குள்ள நான் எப்படிங்க இறங்கறது? இறங்கினாலும் யாரு என்னைத் தூக்கறது?" என்பாள். வீட்டில் இருந்த பழைய காரை மகன் பெங்களூருக்கு எடுத்துப்போய்விட்டான். அவள் எங்கே போனாலும் ஆட்டோதான். தெருவையே திரும்பிப் பார்க்கவைக்கிற கார் வாசலில் நிற்கிறது, வீட்டுக்காரி ஆட்டோவுக்குக் கை காட்டுகிறாள். என்ன செய்வது?

கடைசியில் தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டை மாற்றுவதென்று முடிவாயிற்று. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம். வெளியே காட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவள், ஆனால் கை ஜில்லென்றிருந்தது.

"எல்லாம் சரியானதும் உங்க கார்லதானே என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள்.

"பின்ன வேற எதுல? முன் சீட்டுல உக்காத்தி வச்சுக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றேன். கொழுந்தியாளும் கேட்டாள், இரண்டு நர்ஸுகளும் கேட்டார்கள். அந்த வார்த்தையை நான் காப்பாற்றியாக வேண்டும். அவள் ஒன்று கேட்டு நான் செய்யாமல் விட்டதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ அம்மா வந்தார். செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, அம்மாவை எந்தக் கார்ல கூட்டிட்டுப் போறீங்க?"

நான் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது கூடாதுங்க ஐயா. உக்காரும்போது இடுப்பைவிட முட்டி மேல போகக் கூடாது. ஒன்றரை மாசத்துக்குத் தாழ்வான சீட்டே கூடாது. புது மூட்டு நழுவிடும். நழுவினா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகணும்."

"தலகாணி போட்டுக்கறேன்."

"இதுல தலகாணி போட்டாலும் காலை உள்ள வைக்க முடியாதுங்க. சீட்டோட ரெண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி இருக்கே."

கட்டிலில் படுத்திருந்த என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். நானா விடுகிறவன்? "வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சரி பண்ணிடறேன்" என்றேன்.

முதலில் ஷோரூமுக்குப் போன் போட்டேன். கம்பெனி சீட்டு உயரமாக இருந்தது, பட்டனை அழுத்தினால் மேலே ஏறும் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"அந்தப் பழைய சீட்டை உடனே திருச்சிக்கு அனுப்புங்க."

"எந்த சீட்டு சார்?"

"என் கார்லேர்ந்து கழட்டினீங்களே, அதுய்யா!"

"சார், நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க. அது வேற கஸ்டமருக்குப் போயிடுச்சு சார். புதுசா ஆர்டர் போட்டா கப்பல்ல வரணும்."

"வேணாம்னு சொன்னா வித்துடுவீங்களா? அது நல்ல சீட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லாருக்கும் தெரியுமே சார்."

எல்லாருக்கும் தெரியுமாம். தெரிந்தவன் எதற்கு அதைக் கழற்றினான்? போனை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குக் காரை விட்டேன்.

என் மேஸ்திரி என்னோடு ரொம்ப காலமாக இருப்பவர். பெருத்த உடம்பு, நிதானமான ஆள். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"முதலாளி, தூக்கணும், அவ்வளவுதானே? நம்ம தூக்காததா?"

அதைத்தான் நானும் நினைத்தேன். ஸ்பிரிங்குக்கு மேல் இரும்பு வளையம் கடைந்து வைத்து, காரை நான்கு விரற்கடை தூக்கினோம். அரை நாள் வேலை. பார்க்க நன்றாக இருந்தது. முதல் தடவையாக அந்தக் கார் என் கண்ணுக்கு ஒரு வண்டி மாதிரி தெரிந்தது. சரி, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று மேஸ்திரியையே என் சம்சாரம் மாதிரி நடிக்கச் சொன்னேன். அவர் ஒரு கம்பியை வாக்கர் மாதிரி பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, "என்னங்க, பார்த்துங்க" என்று முனகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பட்டறையே சிரித்தது. உட்கார்ந்ததும் பார்த்தால், அவர் முட்டி நெஞ்சுக்கு நேரே நிற்கிறது.

"என்னய்யா இது? அவ்வளவு தூக்கியும்?"

"முதலாளி, காரைத்தான் தூக்கினோம். சீட்டும் காருக்குள்ள தரையும் சேர்ந்தேதானே மேல வந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அதே ஒரு சாண்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தூக்கினேனே, அந்தத் தூக்கல் இந்த ஒரு இடத்தில் உதவவில்லை. சரி, சீட்டைத் தூக்கு என்றேன். இரும்புச் சட்டம் வெட்டி, வெல்டு வைத்து, சீட்டுக்கு அடியில் கொடுத்து மேலே ஏற்றினோம். மேஸ்திரி மறுபடியும் உட்கார்ந்தார். முட்டி சரியாயிற்று. தலை கூரையில் இடித்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கோழி மாதிரி என்னைப் பார்த்தார். பக்கக் கரை மேலே தொடையை ஏற்றி இறக்கியதில் அவர் பேன்ட்டே கிழிந்துவிட்டது. நாற்பது வயது ஆரோக்கியமான தொடைக்கே இந்தக் கதி.

"முதலாளி, கூரையை வெட்டிடலாமா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. லாரிக்காரர்களுக்குக் கூரை என்பது அப்புறம் போடுகிற சாமான்தானே.

வெட்டிவிடலாமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு சட்டத்தைக் கழற்றி, பழையபடியே சீட்டை முடுக்கச் சொன்னேன். வளையங்களையும் எடுக்கச் சொன்னேன். தூக்கியதில் கார் ஒரு பக்கமாக இழுத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் காரை ஏற்றினேன். எப்படியாவது ஏற்றிவிடலாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். சரிவில் ஏறும்போதே முன் தகடு சிமெண்டில் மாட்டிக்கொண்டது. பின்னுக்கு எடுத்தால் தகடு கழன்றுவிடும், முன்னுக்குப் போனால் உடையும். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த நேரம் பார்த்து என் சம்சாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்தாள். கூடவே பிசியோ அம்மா, கையில் பை, பழம், மருந்தோடு கொழுந்தியாள்.

மெல்ல முன்னுக்கு எடுத்தேன். 'படார்' என்று ஒரு சத்தம். தகட்டின் ஒரு மூலை போயிற்று. கார் மேலே ஏறி நின்றது. நான் இறங்கி, முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். என் சம்சாரம் சீட்டைப் பார்த்தாள். வாக்கரை ஓரடி முன்னால் வைத்தாள். ஏறிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அம்மா, வேண்டாங்க!" என்று பிசியோ அம்மா குறுக்கே வந்தார். "ஐயா, நான் சொன்னேன் இல்லையா? இதுல உக்காத்தினா நான் பொறுப்பில்லைங்க."

"என் கார் வெளியே நிக்குது மாமா" என்றாள் கொழுந்தியாள். "சின்னதுதான், ஆனா சீட்டு நாற்காலி மாதிரி உயரம். அக்காவை அதுல உக்காத்திடலாம்."

அது மளிகைச் சாமான் வாங்கப் போகிற கார். வெள்ளைக் கலர். பின் கண்ணாடியில் பள்ளிக்கூட விளையாட்டு விழா ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதிலா?

"ஆம்புலன்ஸ் கேட்டுடலாம்" என்றேன்.

என் சம்சாரம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஆம்புலன்ஸ்ல போய் இறங்கினா தெருவே கூடி அழுவும். தங்கச்சி கார்லயே போலாம். ஆனா நீங்க ஓட்டுங்க. அவ பிரேக் போட்டா என் இடுப்பு கைக்கு வந்துடும். உங்களைத் தவிர வேற யார் ஓட்டினாலும் நான் ஏற மாட்டேன்."

அவள் சொன்னது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு, ஒரு மளிகைச் சாமான் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்கிறாளே.

"அப்ப இதை யார் எடுக்கிறது?" என்றேன், என் காரைக் காட்டி. ஆம்புலன்ஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"சாவியைக் கொடுங்க மாமா."

"இதெல்லாம் நீ ஓட்டற வண்டி இல்ல. கிளச்சு லாரி கிளச்சு மாதிரி."

"முப்பது வருஷம் பிள்ளைங்களோட கிரவுண்ட்ல ஓடின காலு இது. கொடுங்க."

கொடுத்தேன். வேறு வழி? பைகளை என் கையில் திணித்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அந்தக் குழிக்குள் சர்ரென்று இறங்கினாள். நான்கு பக்கமும் மாட்டுகிற பந்தய பெல்ட்டை, பள்ளிக்கூடப் பையை முன்பக்கமாகப் போட்ட மாதிரி மாட்டிக்கொண்டாள். இன்ஜின் ஒரு தடவை அணைந்தது. இரண்டாவது தடவை, போர்ட்டிகோ அதிர, ஆம்புலன்ஸ்காரர் வாயைப் பிளக்க, வெளியே போய்விட்டாள்.

சின்னக் காரின் முன் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு, பிசியோ அம்மா சொன்னபடி முதலில் உட்காரவைத்து, பிறகு காலை மெல்ல உள்ளே திருப்பினோம். ஒரு முனகல்கூட இல்லை. நான் ஓட்டினேன். சாஸ்திரி ரோட்டில் ஒவ்வொரு குழியையும் தடவிக்கொண்டு போனேன். பிரேக் போட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி இந்த ஊரில் யாரும் ஓட்டிவிட முடியாது, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கண் முழுக்கப் பின் கண்ணாடியில்தான். என் கார் பின்னாலேயே வருகிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் எனக்கு உள்ளே 'கர்ர்ர்' என்று தேய்கிறது.

"முன்னாடி பார்த்து ஓட்டுங்க" என்றாள் என் சம்சாரம்.

"அவ நேரா ஏத்தறா! சாய்வா ஏத்தணும்னு சொல்லவே இல்லையே நான்!"

"தகடுதான் ஏற்கெனவே உடைஞ்சுபோச்சே, இன்னும் என்ன தேயப்போவுது?"

காவிரிப் பாலத்தில் ஏறியதும் பின்னால் ஒரு இடி இடித்தது. சைலன்சர் பட்டனை அழுத்திவிட்டாள். தெரிந்து அழுத்தினாளா தெரியாமல் அழுத்தினாளா என்று இன்றுவரை சொல்லவில்லை. பாலத்தில் பைக்கில் போனவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து அவளுக்குப் பக்கத்தில் வந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, போனில் படம் பிடித்தார்கள். ரிட்டயர் ஆன டீச்சர், நரைத்த கொண்டை, பந்தய பெல்ட்டு, பெரிய ரெக்கை வைத்த கார். என் சம்சாரம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பு வலிக்கும், சிரிக்காதே என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அவளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தபின், கொழுந்தியாள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மாமா, அந்த சீட்டு என் முதுகுக்கு என்னமா இருக்கு தெரியுமா? பிடிச்சு வச்ச மாதிரி. பத்து வருஷ முதுகுவலி, வலியே தெரியலை."

"சந்தோஷம். சாவியைக் கொடு."

"இருங்க. வாரத்துக்கு மூணு நாள் அக்காவை பிசியோவுக்குக் கூட்டிட்டு வரணும். ஒன்றரை மாசத்துக்கு. எதுல கூட்டிட்டு வருவீங்க?"

சாவிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"என் காரை நீங்க வச்சுக்குங்க. அதுவரைக்கும் நான் இதை ஓட்டறேன்."

"இதையா?"

"பின்ன, நான் பஸ்ல போவவா?"

"கொடுங்களேன்" என்றாள் என் சம்சாரம் நாற்காலியில் இருந்து. "கார்தானே."

கார்தானே! ஃபுல் ஃபிட்டிங் போட்ட கார். அது இப்போது தில்லை நகரில் காய்கறி வாங்கப் போகிறது. தெரிந்தவர்கள் போன் செய்து, "உங்க கார்ல ஒரு அம்மா பறக்கறாங்களே, யாருங்க?" என்று கேட்கிறார்கள். நான் வெள்ளைக் காரில், பின்னால் விளையாட்டு விழா ஸ்டிக்கரோடு பட்டறைக்குப் போய் இறங்குகிறேன். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேற்றுக் காலையில் கொழுந்தியாள் போன் செய்தாள். உடைந்த தகட்டைப் பற்றிக் கேட்க அவளே ஷோரூமுக்குப் பேசியிருக்கிறாள்.

"மாமா, அவரு ரொம்ப மரியாதையா பேசறாரு. புதுசா ஒரு கிட்டு வந்திருக்காம். போட்டா இன்னும் ஒரு விரல் இறக்கலாமாம். உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"இறக்கறதா! ஏத்தறதுக்கு ஏதாவது கிட்டு வச்சிருக்கானான்னு கேளு!"

"கேட்டேன் மாமா. 'ஏத்தறதா, எதுக்கு மேடம்?'ங்கறாரு. அவருக்கு விளங்கவே இல்லை."

அந்த ஆளுக்கு நானே போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நம்பரைத் தேடினேன். அதற்குள் என் சம்சாரம் வாக்கரை டக் டக்கென்று வைத்து வாசலுக்கு வந்துவிட்டாள். பிசியோவுக்கு நேரமாயிற்று. தலையணையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளைக் காரின் கதவைத் திறந்து பிடித்தேன்.